காலுக்கு உடையா, கண்ணுக்கு உடையா?

பழக்கடை வைத்திருக்கிறார்கள், தோழர்களே! திண்டுக்கல் கடைவீதியிலே அல்ல. பெண்களுக்கென்று வெளிவரும் ஏடுகளின் பக்கங்களிலே. தட்டில் பரப்பி வைத்திருப்பது கொடைக்கானல் பேரிக்காயும் சிறுமலை வாழையும் அல்ல, பெண்களின் உடல்கள்! இடுப்புக்குக் கீழே அகன்றிருந்தால் நீ பேரிக்காய். வயிறு முன்தள்ளினால் நீ ஆப்பிள். மேலும் கீழும் ஒரே அளவாயிருந்தால் நீ நீள்சதுரம். நடுவிலே ஒடுங்கி இருபுறமும் விரிந்திருந்தால் மணற்கடிகை. அவளுக்கு மட்டுமே அந்தக் கடையில் மாலை மரியாதை. மற்றவர்களுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. பேரிக்காய் கறுப்பு லெக்கின்ஸ் அணியட்டும், தொடை தெரியாது. ஆப்பிள் உயர்ந்த இடுப்புப் பட்டை அணியட்டும், வயிறு அடங்கும். நீள்சதுரம் பூப்போட்டது அணியட்டும், இல்லாத வளைவு இருப்பதுபோல் தோன்றும். மறை, குறை, சுருக்கு, ஒடுக்கு! இதுதான் அந்த ஏடுகள் நமது தங்கைமார்களுக்கு ஓதும் உபதேசம்.

பிறந்த நாழிகையைக் கேட்டுப் பலன் சொல்பவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய வாலிபர்கள்கூட, இடுப்பளவைக் கேட்டுப் பலன் சொல்லும் இந்தச் சோதிடத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. "பெண்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிப் போகிறார்கள். உடை பெண்கள் சமாசாரம் மட்டும் என்றால், அதைப் பற்றித் தீர்ப்புக் கூற இத்தனை ஆண்கள் வரிசையில் நிற்பானேன்?

அழகை விரும்புவது குற்றம் என்று நாம் கூறவில்லை. பிடித்த நிறத்தை எடுத்து, கண்ணாடி முன் நின்று, நமக்கு நாமே மகிழ்ந்துகொள்ளும் இன்பத்தை மறுக்க எந்தப் பகுத்தறிவும் நமக்குக் கட்டளையிடவில்லை. நாம் கேட்பதெல்லாம், இந்த உபதேசத்தில் உண்மை எவ்வளவு, உடல்மீது வெறுப்பு எவ்வளவு என்பதுதான்.

உண்மையை எடுத்துக்கொள்வோம். குறுக்குக் கோடு போட்டால் பருமனாகத் தெரியும், நெடுக்குக் கோடு போட்டால் மெலிந்து தெரியும் என்பது துணிக்கடையில் வேதவாக்கு. எந்தக் கடைக்காரரும் அதைச் சொல்லுவார். எந்த வாடிக்கையாளரும் தலையசைப்பார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1867-இல் நிறைவுற்ற தமது ஒளியியல் நூலில் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றொன்றை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோடு போட்டதுதான் உயர்ந்தும் ஒடுங்கியும் தோன்றும் என்றார். பெண்களின் உடையையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் சொன்னார். இங்கிலாந்தில், யார்க் பல்கலைக்கழகத்தில், 2011-இல் மனித உருவங்களைக் கொண்டே சோதித்துப் பார்த்தார்கள். குறுக்குக் கோடு உடலைப் பருக்கச் செய்யவில்லை. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மேலும் ஒன்று கண்டார்கள்: கோடுகளால் கண்ணை ஏய்க்கும் அந்த வித்தை மெலிந்த உருவத்துக்குத்தான் பலித்தது, பருத்த உருவத்துக்குப் பலிக்கவில்லை. எவருக்காக இந்த யோசனைகள் எழுதப்படுகின்றனவோ, அவர்களுக்கே அவை உதவவில்லை. பரிகாரம் என்றாலே இப்படித்தான் போலும்!

கறுப்பு நிறம் பொருளைச் சற்றே சிறிதாகக் காட்டும் என்பது மெய். வெள்ளைச் சதுரம் அதே அளவுள்ள கறுப்புச் சதுரத்தைவிடப் பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்தச் "சற்றே"வுக்காக, சித்திரை வெயிலில், வத்தலக்குண்டுச் சாலையில் பேருந்துக்கு நிற்கும் ஒரு பெண், வெப்பத்தை விழுங்கும் கறுப்பை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா? கறுப்பின்மீது நமக்கென்ன பகை! ஆடி மாதக் காற்றிலே அணியட்டும். விரும்பினால் சித்திரையிலும் அணியட்டும். ஒளிந்துகொள்வதற்காக அணிய வேண்டாம் என்கிறோம்.

நம் அண்ணன் மகளுக்கு வயது 19. ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருகிறவள். பருத்த உடல், நம் குடும்பத்து உடல். சென்ற ஆண்டு அவளை அழைத்துக்கொண்டு கடைவீதியில் ஒரு கடைக்குப் போனோம். லெக்கின்ஸ் வேண்டும் என்றாள். விற்பனைக்கு நின்ற பெண் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் நாள் முழுதும் நின்றே கால் வீங்கும் ஏழைத் தொழிலாளிதான். அவள்மீது நமக்குக் கோபமில்லை. "உங்க உடம்புக்கு இது வேணாம்மா, தொடை எடுப்பாத் தெரியும். பலாசோ எடுத்துக்கங்க," என்றாள், மெய்யான அக்கறையோடு. நம் பெண் கேட்கவில்லை. கேட்டதையே வாங்கினாள், மூன்று நிறத்தில்.

அதே மாதத்தில் அவள் படிக்கும் கல்லூரியின் வாயிலில் ஓர் அறிவிப்பு: மாணவியர் லெக்கின்ஸ் அணிந்து வருதல் கூடாது. அணிந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் கேட்டபோது, "மற்றவர் கவனம் சிதறும்" என்று பதில் வந்ததாம்.

அன்று மாலை அவள் நம்மிடம் கேட்டாள்: "அத்தை, கடையில என் கால் பார்க்க நல்லா இருக்காதுன்னாங்க. காலேஜுல ரொம்ப நல்லா இருந்துடும்னு பயப்படுறாங்க. ரெண்டு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்து சொன்னா, எனக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள அறிவு, ஆயிரம் மேடைப் பேச்சில் காண முடியாதது. கடைக்குக் கவலை, கால் அழகாய் இல்லையே என்று. காவலுக்குக் கவலை, கால் அழகாய் இருந்துவிடுமோ என்று. இரண்டும் ஒரே கண்! ஒன்று புகழக் காத்திருக்கும் கண், மற்றொன்று பழிக்கக் காத்திருக்கும் கண். பெண் பேருந்து ஏறுவது எளிதாயிருக்கிறதா, வியர்வை தங்குகிறதா, உட்கார்ந்தால் வயிற்றை அறுக்கிறதா என்று இரண்டுமே கேட்கவில்லை. கால் அவளுடையது என்ற சிறு செய்தி இருவருக்கும் எட்டவேயில்லை.

இது ஒரு கல்லூரியோடு முடிந்த கதையன்று. நாடறிந்த நிகழ்ச்சிகளைச் சற்றே வரிசையாக வைத்துப் பாருங்கள். 2014 ஜூலையில், உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி அணிந்து சென்றதற்காகச் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றம் அவரை உள்ளே விடவில்லை. நாடு கொதித்தது. கொதித்தது நியாயமே! அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, வேட்டிக்குத் தடை போடும் மன்றங்களைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. ஓர் ஆண் என்ன உடுத்துவது என்பதில் மன்றத்துக்கு என்ன வேலை என்று ஒரு திங்களுக்குள் நாட்டுக்கு விளங்கிவிட்டது. மறு ஆண்டு, 2015 செப்டம்பரில், குமுதம் ரிப்போர்ட்டர் ஏடு லெக்கின்ஸ் அணிந்த பெண்களைப் பற்றி அட்டைக் கட்டுரை வெளியிட்டது. தெருவிலே போய்க்கொண்டிருந்த பெண்களை, அவர்கள் அறியாமல், காற்றில் மேலாடை விலகிய வேளையில் படமெடுத்து, அந்தப் படங்களை அச்சிட்டு, ஆபாசம் ஆபாசம் என்று அலறியது. காற்றுக்கு ஒதுங்கியவள் ஆபாசமாம்! காத்திருந்து படமெடுத்தவன் ஒழுக்கசீலனாம்! பெண்கள் பலர் வெகுண்டெழுந்து கண்டனம் தெரிவித்தார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். ஆனால் சட்டமன்றம் கூடவில்லை.

கூடாதது மட்டுமா? இரண்டே திங்களில், 2015 நவம்பரில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர், கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு வகுத்தார். பெண்கள் சேலை, தாவணி, அல்லது மேலாடையோடு கூடிய சூடிதார் அணியலாம். ஜீன்ஸும் லெக்கின்ஸும் ஆகா. 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து அறநிலையத்துறைக் கோயில்களில் நடைமுறை; நம் மாவட்டத்துப் பழனியும் அந்தத் துறையின்கீழ் உள்ளதுதானே! அந்தத் திங்கள் முடியுமுன் நீதிபதிகள் இருவர் அமர்ந்த அமர்வு அதற்குத் தடை விதித்தது. கோயிலுக்குப் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். நம் விருப்பம் எது என்பது இந்த ஏட்டின் வாசகர்க்குத் தெரியும். நமக்கு வேடிக்கையாயிருந்தது அந்தப் பட்டியலில் இருந்த சூடிதார்.

சூடிதார் என்றால் என்ன? கால் முழுதும் ஒட்டி, கணுக்காலில் வளையல் வளையலாக மடிந்து கிடக்கும் கால்சட்டை. வளையலுக்கு வடமொழிகளில் உள்ள "சூடி" என்ற பெயரிலிருந்தே அதன் பெயர் வந்தது. துணியைக் கோணலாகப் போட்டு வெட்டி, நெய்த துணிக்கும் சிறிது இழுவை உண்டாக்கி, காலோடு ஒட்டச் செய்தார்கள் பழைய தையற்காரர்கள். 1958-இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலார் ஜோசப் ஷிவர்ஸ், ரப்பரைப்போல் இழுபட்டு, விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் இழையொன்றைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்றும் எலாஸ்டேன் என்றும் வழங்குவது அதுதான். பெண்களின் இடுப்பை இறுக்கும் உள்ளாடையில் ரப்பருக்கு மாற்றாகப் பிறந்த இழை அது! அதைப் பருத்தி நூலோடு நூற்றுக்கு 5 பங்கு அளவில் சேர்த்துப் பின்னியபோது, கோணல் வெட்டின் வேலையைப் பின்னல் துணியே செய்தது. பிறந்தது லெக்கின்ஸ். ஆக, பண்பாட்டுக்கும் பண்பாட்டுக் கேட்டுக்கும் இடையே உள்ள தூரம், நூற்றுக்கு 5 பங்கு எலாஸ்டேன்!

அந்தச் சூடிதாரும் தமிழகத்துக்கு வந்தபோது வரவேற்கப்பட்டதா? வடநாட்டு உடை, அடக்கமற்ற உடை என்று நம் காலத்துப் பெரியவர்களே முகம் சுளித்ததை நாம் கண்டிருக்கிறோம். அதற்கும் முன்னே போவோம். நம் பாட்டியின் தாய் ரவிக்கை அணியாதவர். வயலிலே வேலை செய்த அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு ரவிக்கை கிடையாது. பிறகு இளம்பெண்கள் ரவிக்கை அணிந்தபோது, "என்ன சிங்காரம்!" என்று கேலி செய்தார்களாம். இன்று ரவிக்கையின்றித் தெருவில் வந்தால் பண்பாடு கெட்டது என்பார்கள். இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் நடந்தது கேலியோடு நிற்கவில்லை. நாடார் பெண்கள் தோளை மறைத்துத் துணி போட்டதற்காகத் துணி கிழிக்கப்பட்டது; ஊர்கள் எரிந்தன. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-இல்தான் அவர்கள் மேலாடை அணிய அரசு அனுமதி தந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் கூடாது என்ற வாலோடு! அன்று போர்த்தியது குற்றம். இன்று போர்த்தாதது குற்றம். துணி கூடினாலும் குறைந்தாலும் பிரம்பு மட்டும் ஒரே கையில்.

பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, ஆண்களைப்போலச் சட்டையும் லுங்கியும் அணியட்டும் என்று பெரியார் சொன்னபோது, அவரைப் பின்பற்றியவர்களே சிலர் நெளிந்தார்கள். பெண் அலங்காரப் பொம்மையாய் இருப்பது முடிய வேண்டும் என்பதே அவர் கருத்து. லெக்கின்ஸ் புரட்சி உடை என்று நாம் கூறவரவில்லை. முதலாளிகள் விற்கும் மலிவுச் சரக்கு அது, அவ்வளவே. ஆனால் மடிப்பு வைக்க வேண்டாம், நாடா முடிய வேண்டாம், இஸ்திரி வேண்டாம், இரண்டு சக்கர வண்டியில் சங்கிலியில் சிக்காது, பேருந்துப் படியில் தடுக்காது. காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஓடும் பெண்ணுக்கு அது மிச்சப்படுத்தும் கால்மணி நேரம் அலங்காரப் பொம்மைக்குத் தேவைப்படாத நேரம்.

ஒட்டிய உடையைப் பற்றி இன்னொன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஓடும் இயந்திரத்தின் அருகே சென்று சோதிக்கிறவன் பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளியாக, உடலோடு ஒட்டிய ஆடை அணிந்தவனாக இருக்க வேண்டும். அந்த ஆடையை ஆலைக்காரரே கொடுக்க வேண்டும் என்றது. தொங்கும் துணி இயந்திரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துக்கொள்ளும் என்ற அறிவு அன்றே சட்டத்துக்கு இருந்தது. ஆணுக்கு ஒட்டிய ஆடை பாதுகாப்பு. பெண்ணுக்கு ஒட்டிய ஆடை ஆபாசம்!

நம் திண்டுக்கல் சமவெளி நூற்பாலைகளின் நாடு. வேடசந்தூர்ப் பக்கம் இரவு வேளையில் சென்றால் ஆலை விளக்குகள் தெரியும். சிற்றூர்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் வண்டிகள் தெரியும். இங்கே நூற்கும் நூல் திருப்பூரில் பின்னலாகிறது. பின்னல் துணி உடையாகிறது. உடை கடல் கடந்து போகிறது. 2021 ஜனவரியில், இம்மாவட்டத்தில் ஏற்றுமதி உடை தைக்கும் ஆலையொன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளனே கைது செய்யப்பட்டான். அதற்கு முன்பே அவன் தொல்லை கொடுத்து வந்ததாக உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். "என்ன உடுத்தியிருந்தாள்?" என்று கேட்கும் பண்பாட்டுக் காவலர்களுக்கு அங்கே வேலையில்லை. தொல்லை துணியிலிருந்து வரவில்லை; ஆணை இடும் நாற்காலியிலிருந்து வந்தது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனமும், உடை வாங்கும் வெளிநாட்டு வணிகர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உருவாயிற்று. உலகெங்கும் அதற்கு நம் ஊரின் பெயரே வழங்குகிறது: திண்டுக்கல் ஒப்பந்தம். தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் தையற்கூடத்தில் தொல்லைகளைக் கண்காணிக்க அது வழி செய்தது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பெயர் வந்ததில் நமக்குப் பெருமையும் உண்டு, துயரமும் உண்டு.

இனி, எதைத்தான் வாங்குவது என்று கேட்கும் தங்கைகளுக்கு. உடல் உருவம் பார்க்கத்தான் வேண்டும். கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்காக அல்ல, துணி உன்னோடு எப்படி வாழும் என்பதற்காக. பழங்களின் பெயரை மறந்துவிட்டு அளவு நாடாவை எடு. இடுப்பை அள, இடுப்புக்குக் கீழே மிக அகன்ற இடத்தை அள, தொடையை அள. பொட்டலத்தின்மேல் உள்ள "எல்", "எக்ஸெல்" எழுத்துக்களை நம்பாதே. ஒரு கம்பெனியின் "எக்ஸெல்" இன்னொரு கம்பெனியின் "எல்". அகன்ற இடத்தின் அளவுக்கு ஏற்றதை வாங்கு. பெரிய எழுத்தை வாங்க வெட்கப்பட்டுச் சிறியதை வாங்கும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த எழுத்து உள்ளே தைத்திருக்கிறது; உன்னைத் தவிர எவரும் வாசிக்கப் போவதில்லை. சிறியதை வாங்கினால் துணி அளவுக்கு மீறி இழுபட்டு மெலியும், தையல் விடும், இடுப்பில் சிவந்த தடம் விழும். மிக இறுகிய இடுப்புப் பட்டை தொடையின் வெளிப்புறத்துக்குப் போகும் நரம்பை அழுத்தி, அங்கே மரத்துப்போகச் செய்வதும் உண்டு. மருத்துவர்கள் அறிந்த நோய் அது. வயிறு பெருத்தவளுக்கும், பிள்ளை சுமப்பவளுக்கும் மெல்லிய எலாஸ்டிக் கயிறு ஆகாது; அகன்ற, மென்மையான பட்டை வேண்டும்.

துணியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்ளங்கை தெரிந்தால், குனியும்போது உள்ளாடையும் தெரியும். அதை விரும்பாவிட்டால் கெட்டியான பின்னலை எடு. விட்டதும் துணி பழைய நிலைக்குத் திரும்புகிறதா, தொளதொளத்து நிற்கிறதா என்று பார். தொளதொளத்தால் ஒரு மாதத்தில் முழங்கால் புடைத்துவிடும். இரண்டு காலும் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் அங்கேதான் முதலில் கிழியும், அங்கேதான் உரசும். சிறு சாய்சதுரத் துண்டு ஒன்று அங்கே வைத்துத் தைத்திருந்தால், தடித்த தொடையினர்க்கு நடக்க எளிது. அணிந்து பார்க்க அறை இருந்தால் நின்று பார்த்து மட்டும் வந்துவிடாதே. உட்கார், குந்து, படியேறுவதுபோல் காலைத் தூக்கு.

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி மிகுந்ததே நல்லது. முழுச் செயற்கை இழை பளபளக்கும், விலையும் குறையும்; வியர்வையை உறிஞ்சாது. ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை பரவும். அது வந்தவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பைத் தடவாமல் தோல் மருத்துவரிடம் போகட்டும். ஆறும்வரை ஒட்டிய உடையை விட்டுத் தளர்ந்த பருத்தி அணியட்டும். இறுக்கம் உனக்குப் பிடிக்கவில்லையென்றால் அணியவே வேண்டாம். பலாசோ, பாவாடை, சின்னாளப்பட்டிச் சுங்குடி எல்லாம் உனக்காகவே இருக்கின்றன. உன் கூச்சமும் உன்னுடையதுதான். அதை மதிக்காத சீர்திருத்தம் நமக்கு வேண்டாம். ஆனால் கூச்சம் உன்னுடையதா, அடுத்தவர் உனக்கு அணிவித்ததா என்று ஒருமுறை கேட்டுப் பார்.

துவைக்கும்போது உள்புறத்தைத் திருப்பிப் போடு. வெந்நீரும் வெளுப்புத்தூளும் எலாஸ்டேனைத் தின்றுவிடும். நிழலில் உலர்த்து. நம் அண்ணன் மகள் வாங்கிய மூன்றில் இரண்டு இன்னும் நன்றாக இருக்கின்றன. பச்சை மட்டும் சாயம் போய்விட்டது, அதை வீட்டில் அணிகிறாள்.